மல்லாக்கப் போடக்கூடாது: அளவு மீறிக் குடித்த நண்பனோடு ஓர் இரவைக் கடப்பது எப்படி

கடைசித் தேர்வு முடிந்த அன்று இரவு, எங்கள் கல்லூரி விடுதியின் மொட்டை மாடியில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். பந்தயம் கட்டிய ஒருவன், தண்ணீர்கூடக் கலக்காமல், ஒரு குவார்ட்டரைப் பத்து நிமிடத்திற்குள் குடித்து முடித்தான். நாங்கள் கைதட்டினோம். அரைமணி நேரத்தில் அவன் ‘மட்டை’யாகிவிட, நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் அறையில் பாயை விரித்து மல்லாக்கப் போட்டோம். மின்விசிறியைச் சுழலவிட்டு, “தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்” என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தப் போனோம். சத்தம் கேட்டு அதட்ட வந்த விடுதிக் காவலாளி, அறைக்குள் எட்டிப் பார்த்ததும் அதட்டலை மறந்தார். “மல்லாக்கப் போடாதீங்க தம்பி, ஒருக்களிச்சுப் போடுங்க” என்றபடி அவரே குனிந்து அவனைப் புரட்டினார். புரட்டிய சில நொடிகளில் கடைவாய் வழியாக வாந்தி ஒழுகிப் பாயில் பரவியது. அவன் இருமவும் இல்லை, கண் திறக்கவும் இல்லை.

அவன் மல்லாந்தே கிடந்திருந்தால் அந்த வாந்தி எங்கே போயிருக்கும் என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். அந்த வயதைத் தொடாதவர்களும் பிறந்தநாள் ட்ரீட், முதல் சம்பளம், கல்யாணத்துக்கு முந்தின இரவு, புத்தாண்டு என்று ஏதோ ஒரு சாக்கில் குடிக்கிறார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. அத்தகைய இரவில் கொஞ்சமாவது தெளிவாக இருக்கும் ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன். குடித்து விழுந்தவரால் இதைப் படிக்க முடியாது.

முதலில் ஒரு கணக்கு

டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றின் புட்டியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சிடப்பட்டிருக்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதாவது அதில் 77 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. எடையில் சொன்னால் ஏறக்குறைய 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் அளவு மீறிய குடி என்று வரையறுக்கிறது. நம் ஊரில் ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்று சாதாரணமாகச் சொல்லப்படும் அளவு, உலகக் கணக்கில் அபாயக் கோட்டின் மேலேயே நிற்கிறது. பீர் என்றால் ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி புட்டி ஒன்றில் 40 கிராம் இருக்கிறது. ஒன்றரைப் புட்டி ஒரு குவார்ட்டருக்குச் சமம்.

60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞன் வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டரை மடமடவென்று குடித்தால், அவன் ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறும். வாகனம் ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வகுத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். இது அதைப்போல் ஐந்து மடங்கு. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் அவர்களுக்கு இன்னும் அதிகமாக ஏறும். ஏறியதை இறக்கும் வேலை கல்லீரலுடையது. அது மணிக்கு 15 மில்லிகிராம் அளவில் தன் போக்கில்தான் வேலை செய்யுமே தவிர, மோர், எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி, ஊறுகாய் என எதைக் கொடுத்தாலும் அதன் வேகம் கூடாது.

இந்தக் கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கடைசி மடக்கை விழுங்கிய பிறகும் வயிற்றிலும் குடலிலும் மிச்சமிருப்பது அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒருவர் சாய்ந்து படுக்கும் நேரம் போதை உச்சத்தைத் தொட்ட நேரம் ஆகாது; உச்சம் அதற்குப் பிறகுதான் வரும். பந்தயத்துக்காக ‘ரா’வாக அடிப்பவர் விஷயத்தில் இது மிகவும் கொடியது, ஏனென்றால் உடல் “போதும்” என்று சொல்லத் தொடங்குவதற்குள் முழு அளவும் உள்ளே போய்விடுகிறது. “தூங்கட்டும்” என்று கதவைச் சாத்துகிறோமே, அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில்தான் பல உயிர்கள் போகின்றன.

ஆல்கஹால் மூளையை மேலிருந்து கீழாக அணைத்துக்கொண்டு வரும். முதலில் போவது நிதானம். அதனால்தான் அடுத்த ரவுண்டு. பிறகு நடை தள்ளாடும், நாக்குக் குழறும். அதன்பின் நினைவு பதிவதே நின்றுபோகும். நடந்து, பேசி, சிரித்துக்கொண்டிருப்பவருக்குக்கூட மறுநாள் அந்த இரண்டு மணி நேரம் காலியாக இருக்கும். கடைசியாக மூளைத் தண்டைத் தொடும்போது, மூச்சு விடுவதும், புரையேறினால் இருமுவதும் மங்கிப்போகின்றன. எங்கள் நண்பன் தன் வாந்திக்கு இருமாதது அந்தக் கட்டத்தில்தான்.

எழுப்பிப் பார்ப்பதும் மூச்சை எண்ணுவதும்

படுத்தவரைத் தூங்கவிடுவதற்கு முன் அவர் தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள், அதற்கும் அசையாவிட்டால் கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட சதையை இரண்டு விரலால் அழுத்திக் கிள்ளுங்கள். தூங்குபவர் முகத்தைச் சுளிப்பார், கையைத் தட்டிவிடுவார், திட்டுவார். திட்டினால் நல்லது. கிள்ளியும் எந்த அசைவும் இல்லையென்றால் அது உறக்கம் ஆகாது. அந்த நிமிடமே 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது மூச்சு. வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, கைப்பேசிக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது, ஏனெனில் மூச்சுகளுக்கு இடையிலான இடைவெளிதான் நமக்கு முக்கியம். நிமிடத்திற்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, இரண்டு மூச்சுகளுக்கு நடுவே 10 நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ ஆபத்து. ‘கொர் கொர்’ என்று குறட்டை வருகிறதே, நன்றாகத்தான் தூங்குகிறான் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்; தளர்ந்துபோன நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலை அடைக்கும்போதும் அதே சத்தம்தான் வரும். நம் தோல் நிறத்தில் நீலம் பாய்வது எளிதாகத் தெரியாது என்பதால், கீழுதட்டை விலக்கி ஈறையும் உதட்டின் உட்புறத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்; நகக்கண்ணையும் பாருங்கள். அங்கே வெளுப்போ நீலமோ தெரிந்தாலும், தோல் சில்லிட்டுப் பிசுபிசுத்தாலும், வலிப்பு வந்தாலும், நினைவில்லாமலே வாந்தி எடுத்தாலும் காத்திருக்கக் கூடாது. இவை எல்லாம் சேர்ந்து வர வேண்டியதில்லை, ஒன்று போதும்.

108 கட்டணமில்லாச் சேவை. 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்குகிறது. அழைத்ததும் “குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறார், எழுப்பினால் எழவில்லை, நிமிடத்திற்கு இத்தனை மூச்சு” என்று நேராகச் சொல்லுங்கள். ‘ஃபுட் பாய்சன்’ என்று மழுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. வார்டனுக்குத் தெரிந்துவிடும், வீட்டில் கொன்றுவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனாலும் பொய்யான தகவலை வைத்துக்கொண்டு மருத்துவர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியாது. அவருக்கு வேண்டியது என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, கூடவே மாத்திரை ஏதாவது விழுங்கினாரா என்பதே. காலிப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூச்சே நின்றுவிட்டாலோ, மீன் வாய் திறப்பதுபோல எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் வந்தாலோ, தரையில் மல்லாக்கக் கிடத்தி நெஞ்சின் நடுவே இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும்; ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் அழுத்துங்கள். இந்தக் கட்டுரையில் மல்லாக்கப் போடச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

ஒருக்களித்துப் படுக்க வைத்தல்

நம் பாட்டிமார் கைக்குழந்தைக்குப் பாலூட்டியபின் ஒருக்களித்துப் போடுவார்களே, காரணம் அதேதான். செய்முறையைக் குடிக்காத ஒரு நாளில் நண்பனை வைத்து இரண்டு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது. 75 கிலோ உடம்பு துவண்டு கிடக்கும்போது முதன்முறையாக முயல்வது கடினம்.

அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள், சட்டைப்பையிலும் பேன்ட் பையிலும் இருக்கும் சாவி, கைப்பேசி ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கம் இருக்கும் அவர் கையைத் தரையிலேயே உடலுக்குச் செங்கோணமாக விலக்கி, முழங்கையை மடக்கி வையுங்கள். எதிர்ப்பக்கக் கையை நெஞ்சின் குறுக்கே கொண்டுவந்து, அதன் புறங்கை உங்கள் பக்கம் இருக்கும் அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மற்றொரு கையால் அவருடைய எதிர்ப்பக்க முழங்காலைப் பாதம் தரையில் ஊன்றும்படி மடக்கித் தூக்குங்கள். இப்போது அந்த முழங்காலை உங்கள் பக்கம் இழுத்தாலே போதும், நெம்புகோல் போல உடல் முழுவதும் தானாக உருண்டு வந்துவிடும். பலம் தேவையில்லை, எங்கள் காவலாளி அறுபதைத் தாண்டியவர். மேலிருக்கும் காலை இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கியபடி முன்னால் ஊன்றிவிட்டால் உடல் குப்புறச் சரியாது. கடைசியாகத் தாடையைச் சற்று மேலே தூக்கி, வாய் தரையை நோக்கும்படி முகத்தைச் சாய்த்துவிடுங்கள். வருவது வெளியே வழிந்துவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு பையையோ தலையணையையோ அண்டக்கொடுத்தால் மறுபடி மல்லாக்க உருள மாட்டார். அரைமணிக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுங்கள். அடியில் சிக்கிய கை மணிக்கணக்காக நசுங்கினால் நரம்பு மரத்து, மறுநாள் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். நாற்காலியின் விளிம்பில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கிப்போனவர்களுக்கும் இதேதான் நேரும்.

படிக்கட்டில் உருண்டோ வண்டியிலிருந்தோ விழுந்தவர் என்றால் கழுத்தில் அடிபட்டிருக்கலாம். தேவையில்லாமல் புரட்டாமல் 108-க்குச் சொல்லிவிட்டுத் தலையை அசையாமல் பிடித்திருங்கள். வாந்தி வந்தால் மட்டும், தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருசேரத் திருப்புங்கள்.

செய்யக் கூடாதவை

தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது நம்மிடையே வேரூன்றிய பழக்கம். ஆல்கஹால் தோலடி ரத்தக் குழாய்களை விரியச் செய்து உடல் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது சூட்டை மேலும் இறக்கும். சென்னையில் இருப்பவர்கள் இதைச் சிரித்து ஒதுக்கலாம். டிசம்பரில் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ சுற்றுலா போய், காட்டேஜ் வாசலில் ஈரச் சட்டையோடு ஒருவனைப் படுக்கவிட்டால் அது சிரிப்பாக இருக்காது. போர்வை போர்த்துங்கள்.

தொண்டைக்குள் விரலை விடுவதும், உப்புத் தண்ணீர் கரைத்துப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பதும் அதைவிட மோசமானவை. ரத்தத்தில் ஏறிவிட்டது வாந்தியில் வராது. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போகும் வாய்ப்பே அதிகம், கரைத்துக் கொடுத்த உப்பு தனியாக ஒரு விஷமாகும். விழுங்கும் தெளிவு இல்லாதவர் வாயில் தண்ணீர், மோர், காபி எதுவும் கூடாது. நடக்கவிட்டால் தெளியும் என்று இருபுறமும் தாங்கிப் பிடித்து நடத்துவதால் விழுந்து மண்டை உடைவதுதான் மிச்சம். எரிசக்திப் பானத்தைக் கலந்து குடிப்பவர்களும் இங்கே ஏமாறுகிறார்கள்: தூக்கக் கலக்கம் மறைகிறது, போதை அப்படியே இருக்கிறது, அதனால் இன்னொரு கட்டிங் உள்ளே போகிறது.

நன்றாக விழித்திருந்து, தானே டம்ளரைப் பிடித்துக் குடிக்கக் கூடியவருக்குச் சர்க்கரை கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். காலையிலிருந்து சாப்பிடாமல் குடித்தவருக்கு, கல்லீரல் ஆல்கஹாலோடு மல்லுக்கட்டும் நேரத்தில், ரத்தச் சர்க்கரை சரிந்துவிடுவது உண்டு. சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு இந்தச் சரிவு உயிருக்கே ஆபத்தாக முடியும். வியர்வை, நடுக்கம், பிதற்றல் ஆகியவை போதையைப் போலவே தோன்றுவதால் இதைக் கண்டுபிடிப்பது சிரமம்.

குடி என்று நினைத்து ஏமாறும் மூன்று நிலைகள்

தலையில் அடிபட்டவரைப் ‘போதையில் கிடக்கிறான்’ என்று விட்டுவிடுவது முதலாவது. ஒரு கருவிழிப் பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தாலோ, காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ கசிந்தாலோ, முதலில் பேசிக்கொண்டிருந்தவர் நேரம் ஆக ஆக மங்கிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நேரம் ஆக ஆகக் குடி தெளிய வேண்டும், மங்கக் கூடாது.

இரண்டாவது மாத்திரை. தூக்க மாத்திரையும், போதைக்காகக் கள்ளத்தனமாகக் கைமாறும் வலி மாத்திரைகளும், சாராயமும் ஒரே திசையில் மூச்சைக் குறைப்பவை. தனித்தனியாக ஆளைக் கொல்லாத அளவுகள் சேர்ந்து கொன்றுவிடும். உடனிருந்தவர்களில் யாருக்காவது இது தெரிந்திருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றாவது, கள்ளச்சாராயத்தில் கலந்திருக்கும் நச்சு ஆல்கஹாலான மெத்தனால். 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் 60-க்கும் மேற்பட்டோரையும் கொன்றது அதுதான். மற்ற எல்லாவற்றையும்விட இதில் நேரம் ஏமாற்றும். குடித்த இரவு சாதாரணமாகவே கழிந்துவிடும். 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்து, உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் தாங்க முடியாத வயிற்று வலியும், வாந்தியும், வேகமான மூச்சும், கண்ணுக்கு முன்னால் பனிமூட்டம் போட்டதுபோல் பார்வை மங்குவதும் தொடங்கும். ‘ஹேங்ஓவர்’ என்று படுத்துக் கிடப்பவர் பார்வையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் ஓடுங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் மருத்துவமனையில் உண்டு, சீக்கிரம் போனால் கண்ணும் பிழைக்கும் உயிரும் பிழைக்கும். அதே சாராயத்தைக் குடித்த மற்றவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டும்.

விடியும் வரை

ஆள் எழுகிறார், திட்டுகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் மருத்துவமனை தேவைப்படாது. ஆனாலும் தனியாக விடக்கூடாது. மொட்டை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியும், ஒன்றுக்குப் போக இருட்டில் எழுந்து நடப்பதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கிணறு, கல்குவாரி, கடற்கரை என்று ‘ஒரு குளியல் போட்டால் தெளியும்’ என யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். குளியலறைக்குப் போனால் தாழ்ப்பாள் போட விடாதீர்கள்.

முதல் இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை எழுப்பிப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை போதும். எழுப்புவதற்கு ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தால் நிலைமை இறங்குகிறது என்று பொருள். இருவர் முறை வைத்து விழித்திருப்பது நல்லது. பார்த்துக்கொள்கிறேன் என்றவரும் குடித்திருந்தால் அவரும் தூங்கிப்போவார், ஆகவே கைப்பேசியில் அலாரம் வைத்து, ஒரு தாளில் மணியையும் மூச்சு எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் அந்தத் தாள் மருத்துவருக்கு ஆயிரம் கேள்விகளை மிச்சப்படுத்தும்.

காலையில் தலைவலிக்கென்று வெறும் வயிற்றில் வலி மாத்திரைகளைப் போட வேண்டாம். புண்பட்ட இரைப்பையில் அவை ரத்தக் கசிவை உண்டாக்கலாம், பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். கஞ்சியும், உப்பிட்ட மோரும், தூக்கமும் போதும். மோருக்கு உரிய நேரம் இப்போதுதான். வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகுவரை ஊடுருவினாலோ, நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள்தோறும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாட்களுக்குள் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம்; அவர் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். குடியை விட வழி கேட்பவருக்கு 14446, மனம் உடைந்து பேசுபவருக்கு 14416, இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

இரவு 11 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர் ரத்தத்தில், மேலே போட்ட அதே கணக்கின்படி, காலை 7 மணிக்கும் 30 மில்லிகிராம் இருக்கும். எல்லாம் வடிய 9 மணி ஆகும். அதற்கு மேல் குடித்திருந்தால் மதியம்வரை போகும். அவர் முகம் கழுவி, தலை வாரி, தெளிவாகப் பேசிக்கொண்டே பைக் சாவியைக் கேட்பார். சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும், பேருந்தில் அனுப்பிவையுங்கள்.